குலுக்கைக்குப் பின்னால்

நான் லேசில் எதையும் நம்புகிறவள் இல்லை. கடைக்குப் போனால் எடை போடுகிறவன் கையைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். என் வீட்டு ஊறுகாய் ஜாடியையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கரண்டியைப் போடுவேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். பரளச்சியில் என் மாமியார் வீட்டில் முதல் மாசம் சாப்பிட்டிருந்தால் அவர்களுக்கும் இந்தக் குணம் வந்திருக்கும்.

நான் பிறந்தது ரங்கூனில். எங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்பதுகூட வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் என்பார். கொஞ்சம் குடித்திருந்தால் மதுரைப் பக்கம் என்பார். பேசியது தமிழ், சாப்பிட்டது மூன்று வேளையும் அரிசிச் சோறு, மீன், அதோடு மீனையும் இறாலையும் புளிக்க வைத்து இடித்த நாப்பி. ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கப்பலில் ஏறி வந்தவர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பினோம் என்று சொல்லிக்கொண்டார்கள். நான் எங்கே திரும்பினேன்? பார்த்தேயிராத தேசத்துக்குப் போனேன்.

தனியாகத்தான் போனேன். என் வீட்டுக்காரர் அரிசி ஆலையில் மேஸ்திரி. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் கப்பலில் இடம் என்றார்கள். துறைமுகத்தில் நின்றுகொண்டு அவர் எனக்கு வழி சொன்னார்.

"விருதுபட்டி ஸ்டேசன்ல இறங்கு. அருப்புக்கோட்டை பஸ்ஸு நிக்கும். பாலவனத்தம் தாண்டிப் போகும். அருப்புக்கோட்டையில இறங்கி பரளச்சி வண்டி எதுன்னு கேளு. ஊருக்குள்ள போயி எங்க ஆத்தா வீட்டைக் கேட்டா சின்னப்புள்ள கூட காட்டும். நான் பின்னாலயே வாரேன்."

எல்லாம் சொல்லி முடித்து, கப்பல் சங்கு ஊதிய பிறகு இன்னொன்றும் சொன்னார்.

"உன்னய கட்டினத ஆத்தாகிட்ட இன்னும் சொல்லல. நீயே சொல்லிரு."

கட்டின புருஷனை நடுத்துறைமுகத்தில் அடிக்கலாம் என்றால் அன்றைக்கு அடித்திருப்பேன். ஊரில் மாமன் மகளை அவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். அதனால் சொல்லப் பயந்து இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். அது அவருக்குத் தெரியும்.

வண்டி போன வழியெல்லாம் கறுப்பு மண், வெடித்துக் கிடந்தது. இடையிடையே பருத்திச் செடி, அதற்கப்பால் உடைமரம். இந்த மண்ணில் மனுஷர் தின்ன என்ன விளையும் என்று எனக்குப் புரியவே இல்லை.

வாசலில் நின்று, நான் இன்னார் என்று சொன்னேன். மாமியார் தலையிலிருந்து கால் வரை என்னைப் பார்த்தாள். கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள்.

"கயித்த யாரு வேணும்னாலும் கட்டிக்கிடலாம்" என்றாள்.

"அத்தை, நான்..."

"யாருக்கு யாரு அத்தை?"

பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த அவள் மகள் ஓடி வந்தாள். என் வீட்டுக்காரருக்கு அக்காள், எனக்கு மதினி. புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு இருந்தது. அவள்தான், "ஆத்தா, வந்த பொம்பள வாசல்ல நிக்கிறது நல்லாருக்கா? உள்ள வரச்சொல்லு" என்றாள். மாமியார் விலகி வழி விட்டாள். ஆனால் அன்றிலிருந்து என்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அவுக' என்றுதான் பேசினாள். "ரங்கூன்காரவுக எந்திரிச்சிட்டாகளா", "அவுகளுக்கு ஒரு வட்டில் போடு." அந்த மரியாதையைப் போல என்னைச் சுட்டது வேறெதுவும் இல்லை. வீட்டு மனுஷிக்கு யாராவது 'அவுக' போடுவார்களா?

முதல் சாப்பாடு கேப்பைக் களி. கரும்பழுப்பில் ஒரு உருண்டை, நடுவில் குழி, குழியில் கருவாட்டுக் குழம்பு. நான் அப்படி ஒரு சாப்பாட்டைக் கண்டதில்லை. மாட்டுக்கு வைப்பதை எனக்கு வைக்கிறாளோ என்று சந்தேகம். ஓரக்கண்ணால் பார்த்தேன், மாமியார் வட்டிலிலும் அதுதான் இருந்தது. சரி என்று ஒரு துண்டை வாயில் போட்டு மென்றேன். மெல்ல மெல்ல அது பல்லிலும் மேலண்ணத்திலும் அப்பிக்கொண்டது. வாயைத் திறக்க முடியவில்லை.

மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயய்ய, களிய மெல்லுதாகளே! முழுங்கணும்த்தா, குழம்புல பெரட்டி அப்பிடியே முழுங்கணும்."

மாமியார் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசம் எம்மவங்கூட குடும்பம் நடத்துனவுகளுக்குக் களி முழுங்கத் தெரியலயா?" என்றாள். ரங்கூனில் களி ஏது, அவரும் எங்களைப் போலச் சோறுதான் தின்றார் என்று சொன்னேன். "கேட்டதுக்கெல்லாம் ஒரு பதில் வச்சிருக்காக" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் என் மூட்டையைப் பிரித்துவிட்டாள். அதில் வாழைமட்டையில் கட்டின நாப்பி இருந்தது. வழியில் நாக்குச் செத்துப் போனால் தொட்டுக்கொள்ளலாம் என்று ரங்கூனில் என் சித்தி கொடுத்துவிட்டது. நான் வந்து பார்க்கும்போது மாமியார் அதை ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டு நின்றாள்.

"இதுதான் எம்மவனுக்குச் சோத்துல வச்ச மருந்தா?"

மருந்து என்றால் வசிய மருந்து. புருஷனை மடக்கிப்போடச் சோற்றில் கலந்து வைப்பது. இந்தப் பேச்சு எனக்குப் புதிது இல்லை. சித்தியும் ரங்கூனில் இருந்தபோதே, "ஊர்ப்பக்கம் போனா சோத்துல என்ன இருக்குன்னு பாத்துத் தின்னு. பிடிக்காத மருமகளுக்கு என்னத்தையாவது கலந்துருவாங்க" என்று பயம் காட்டியிருந்தாள். ஆக ஒரே வீட்டில் ஒரே பயத்தோடு இரண்டு பேர் இருந்தோம். நாப்பி குப்பைக்கிடங்குக்குப் போனது. தெருநாய் ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்தது. அந்த நாய் சாகிறதா என்று மாமியார் சாயங்காலம் வரை எட்டி எட்டிப் பார்த்தாள். சாகவில்லை. அதில் அவளுக்கு வருத்தம்தான் என்று நினைக்கிறேன்.

அடுப்படிக்குள் என்னை விடவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து அவள் சமைப்பதைக் கண்கொட்டாமல் பார்ப்பேன். எந்த டப்பாவைத் திறக்கிறாள், எதை எத்தனை விரலால் எடுக்கிறாள், என் வட்டிலுக்கு மட்டும் தனியாக ஏதாவது விழுகிறதா. அவள் எனக்கு முதுகைக் காட்டினால் எழுந்து நின்று பார்ப்பேன். மாமியாரோ மதினியோ ஒரு வாய் வைக்கும் வரை நான் கையை வைக்க மாட்டேன். மாமியார் அதைக் கவனித்துவிட்டாள். அதனால் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பாள், விசிறிக்கொள்வாள், கோழியை விரட்டுவாள், சாப்பிட மட்டும் தொடங்க மாட்டாள். இருவரும் வட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு யார் முதலில் என்று உட்கார்ந்திருப்போம். களி ஆறிப்போகும்.

இதற்கு நடுவில் ஒரு அநியாயம் நடந்தது. அந்தச் சாப்பாடு எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது. காலையில் புளித்த கம்பங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும். மத்தியானம் குதிரைவாலிச் சோறு, மேலே புளிக்குழம்பு. அரிசி இல்லாத ஊரில் அந்தக் குதிரைவாலி மணக்க மணக்க உதிரியாக விழும். காணம் என்கிற கொள்ளை வறுத்து அரைத்த துவையலுக்கு நாப்பியைக்கூட மறக்கலாம் போலிருந்தது. ருசி கூடக்கூட எனக்குச் சந்தேகமும் கூடியது. விரோதம் பாராட்டுகிறவள் எதற்கு இவ்வளவு ருசியாகச் சமைத்துப் போடுகிறாள்? நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் குழைகிறேன் என்று அதையும் ஒரு குற்றமாக எடுத்துக்கொள்வாள்.

நான் படுத்துக்கொள்வது உள்வீட்டில், குலுக்கைக்குப் பக்கத்தில். குலுக்கை என்றால் கம்பும் சோளமும் கொட்டி வைக்கிற மண் குதிர். ஆள் உயரம் இருக்கும். மூலையில் வைத்தால் வைத்ததுதான், யாரும் நகர்த்துவதில்லை. அதன் முன்னால் மட்டும் எனக்கு உட்கார அனுமதி இல்லை. "அது எம்மவன் உக்காந்து சாப்புடுற எடம். ஓடியாடுற வயசுலருந்து கப்பல் ஏறுற வரைக்கும் அங்கனதான் உக்காருவான்" என்று மாமியார் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

பர்மாவிலிருந்து ஆண்கள் கால்நடையாக மலை தாண்டி வருகிறார்கள் என்று அருப்புக்கோட்டைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். வழியில் பாதிப்பேர் சோறு தண்ணி இல்லாமல் விழுந்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்று மாமியார் அடுப்பே மூட்டவில்லை. நானும் சாப்பாடு கேட்கவில்லை. அழுதால் ஒன்றாக அழ வேண்டியவர்கள். அவள் கொல்லையில் அழுதாள், நான் குலுக்கைக்குப் பக்கத்தில் அழுதேன்.

பிறகு மாமன் வந்தார். மாமியாருடைய தம்பி, பேசி வைத்திருந்த பெண்ணைப் பெற்றவர். அவருக்கு என் மேல் என்ன பிரியம் இருக்க முடியும்? நான் உள்ளே இருப்பது தெரிந்தே வாசலில் நின்று உரக்கப் பேசினார்.

"ஏக்கா, நாளைக்கு அவன் வந்து இவ யாருன்னே தெரியாதுன்னு சொன்னா என்ன செய்வ? எவன் புள்ளைக்கோ நீ தொட்டில் கட்டப் போறியா? மதுரையில பர்மாக்காரவுகளுக்குக் கஞ்சி ஊத்துற எடம் இருக்காம். வெள்ளிக்கிழமை நம்ம வண்டி பருத்தி லோடு ஏத்திக்கிட்டு அருப்புக்கோட்டை போகுது. ஏத்தி விட்டுரு."

மாமியார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் நடந்து வந்துகொண்டிருக்கிறாரா, செத்துக் கிடக்கிறாரா தெரியாது. வந்தால் இந்த வீட்டுக்குத்தான் வருவார். நான் முன்பின் தெரியாத ஊரில் கஞ்சிக்கு நின்றுகொண்டிருந்தால் என்னை எங்கே தேடுவார்? பிறக்கப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று யார் சொல்வார்கள்?

வியாழக்கிழமை மதினி பருத்திக்காட்டிலிருந்து மடி நிறைய ஏதோ காய் பறித்து வந்து கொட்டினாள். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருந்தது. பச்சை, மேலெல்லாம் வரி. பாகற்காய்க்குப் பிறந்த குட்டி போல இருந்தது.

"யாரு போட்ட செடி?" என்று கேட்டேன்.

"யாரும் போட வேண்டாம். மழை பேஞ்சா காட்டுல தானா கொடி ஓடும். அதலைக்காய். இன்னையோட முடிஞ்சிரும், இனி அடுத்த மழைக்குத்தான். நாளைக்கு வச்சா வெடிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு முனைகளையும் கிள்ளி எறிந்தாள்.

யாரும் விதைக்காமல் காட்டில் முளைப்பது, ஒரு நாள் வைத்தால் வெடிப்பது. வெள்ளிக்கிழமை வண்டிக்கு முந்தின நாள் பார்த்து இது சட்டிக்கு வருகிறது. முழுகாமல் இருக்கிறவள் கசப்பைத் தொடக் கூடாது என்று சித்தி சொன்னது வேறு காதில் ஒலித்தது. நாளைக்கு வண்டியில் ஏறும்போது நான் மட்டும் ஏறினால் போதும், வயிற்றில் இருப்பது ஏற வேண்டாம் என்று நினைத்துவிட்டார்களா? மாமியார் சட்டியில் எண்ணெய் ஊற்றி, வெங்காயம் போட்டு, அந்தக் காயைக் கொட்டி வதக்கினாள். நான் வாசற்படியை விட்டு அசையவில்லை.

மத்தியானம் மாமனும் வந்து உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பற்றிப் பேச வந்தவர். மாமியார் நால்வருக்கும் வட்டில் வைத்து, குதிரைவாலிச் சோற்றின் ஓரத்தில் அந்தப் பொரியலை வைத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே தம்பியிடம் சொன்னாள்.

"எம்மவன் அதலைக்காயின்னா உசுர விட்டுருவான். வச்சது வச்சமாரி தெரியாது, வட்டிலு காலியாயிரும். அவன் பொண்டாட்டின்னா இது தெரிஞ்சிருக்கணும்ல? இவுக அந்தக் காய பாத்து யாரு போட்ட செடின்னு கேக்குறாக."

மதினி இரண்டு வாய் சாப்பிடும் வரை பொறுத்திருந்தேன். பிறகு ஒரே ஒரு காயை எடுத்து வாயில் வைத்தேன்.

என்ன கசப்பு! முதலில் ஒன்றுமில்லை, எண்ணெயும் வெங்காயமும்தான். கடித்த பிறகு பின்னாலிருந்து வந்து நாக்கின் அடியைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கசப்போடு எனக்கு ரங்கூன் அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் இறால் போட்டுப் பாகற்காய் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் வட்டிலைத் தள்ளிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு முதலில் சிரித்தார். அப்புறம் சிறு வயதில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஊரில் ஏதோ ஒரு காட்டுக்காய் என்றாரே தவிர, அதன் பேரைச் சொல்லவில்லை.

நான் தலையைத் திருப்பினேன். குலுக்கை இருந்தது. அதற்கு முன்னால் அவர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் இருந்தது.

"அவருக்கு இது பிடிக்காதுங்க" என்றேன்.

மாமன் கையைத் தட்டினார். "கேட்டியாக்கா? வெளுத்துப் போச்சா சாயம்? ஊருக்கே தெரியும், அவன் அதலைக்காய எப்பிடித் திம்பான்னு!"

"தின்னதில்லைங்க. வாயில போடுற மாதிரிப் போட்டு மென்னுக்கிட்டே இருப்பாராம். அத்தை தண்ணி மோக்கத் திரும்புனதும் எல்லாத்தையும் அள்ளிக் குலுக்கைக்குப் பின்னால போட்டுருவாராம். வருஷக்கணக்கா அப்படித்தான். ஒரு தடவை அத்தை அங்க பெருக்கும்போது காய்ஞ்ச காயெல்லாம் வந்து விழுந்துச்சாம். மதினிதான் போட்டாங்கன்னு நினைச்சு, கையில இருந்த மத்தால அடிச்சீங்களாம். புருவம் கிழிஞ்சு ரத்தம் கொட்டுச்சாம். ஊர்ல கேட்டதுக்குக் கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னீங்களாம். 'எங்கக்கா எனக்காக அடி வாங்குச்சு, நான் பயந்து வாயத் தொறக்கல'ன்னு சொன்னாரு."

மதினியின் கை மெல்லப் புருவத்துக்குப் போனது.

"அப்ப அவனா?" என்றாள். "நான் இன்னைக்கு வரைக்கும் எலி இழுத்துப் போட்டதுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருக்கேன். எலியத் திட்டாத நாளில்ல. அந்தப் பயலா?" சிரிக்கவும் செய்தாள், கண்ணும் நிறைந்துவிட்டது.

மாமன் விடவில்லை. "இத யாருகிட்டயாச்சும் அவன் சொல்லியிருப்பான். இவ காதுல விழுந்திருக்கும்."

மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அடி வாங்குனவகிட்டயே சொல்லாதவன் ஊராருகிட்டயா சொல்லுவான்? பெத்தவகிட்ட சொன்னானா? பொண்டாட்டிகிட்டதான் சொல்லியிருக்கான்." அப்படிச் சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். பிறகு சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "ஏ புள்ள, என்ன பாத்துக்கிட்டே இருக்க? அது ஒண்ணும் செய்யாது, புள்ளத்தாச்சியும் திங்கலாம். தின்னு."

'ஏ புள்ள' என்றாளே, அந்த ஒரு சொல்லுக்காக அந்தக் கசப்பு முழுவதையும் தின்று தீர்த்தேன்.

வெள்ளிக்கிழமை வண்டி பருத்தியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆடியில் மகள் பிறந்தாள். மாமியார் தூக்கிப் பார்த்ததும் முதல் காரியமாகக் காதைத் திருப்பிப் பார்த்தாள், கால் விரலைப் பிரித்துப் பார்த்தாள், தன் மகன் ஜாடை இருக்கிறதா என்று விளக்கை எடுத்து வந்து பார்த்தாள். நானும் பிள்ளைக்கு அவள் கல்லில் உரைத்துப் புகட்ட வந்த உரை மருந்தை முதலில் என் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். அவள் அதைப் பார்த்தாள்.

கார்த்திகையில் அவர் வந்தார். வாசலில் யாரோ பிச்சைக்கு நிற்கிறார்கள் என்று நான்தான் ஒரு கைப்பிடி கம்பு தானியம் எடுத்துக்கொண்டு போனேன். முகத்தில் எலும்பும் கண்ணும் மட்டும் இருந்தன. மலை தாண்டி வந்து, காய்ச்சலில் விழுந்து, அஸ்ஸாம் பக்கம் ஏதோ ஒரு கொட்டகையில் மாசக்கணக்காகக் கிடந்திருக்கிறார். மாமியார் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. மகளை அவர் மடியில் வைத்தேன். தூக்கக் கையில் வலு இல்லை.

அது மழைக்காலம். மதினி ஓடிப்போய் மடி நிறைய அதலைக்காய் பறித்து வந்துவிட்டாள். தழும்புக்குக் கணக்குத் தீர்க்கிறேன் என்று சிரித்துக்கொண்டே முனை கிள்ளினாள். குலுக்கைக்கு முன்னால் அவருடைய பழைய இடத்தில் அவரை உட்கார வைத்தோம். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. சொல்லவே கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

சோறும் அதலைக்காயும் வைத்துவிட்டு, "இரு, தண்ணி மோந்துட்டு வாரேன்" என்று மாமியார் எழுந்தாள். பானைக்கு முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு செம்புத் தண்ணீர் மோக்க எவ்வளவு நேரம் ஆகும்? மோந்தாள், திரும்பப் பானையில் ஊற்றினாள், மறுபடி மோந்தாள். மகன் வேண்டிய அளவுக்கு அள்ளிக் குலுக்கைக்குப் பின்னால் போடட்டும் என்று அவகாசம் கொடுக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. மதினி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமியார் திரும்பியபோது வட்டில் காலியாக இருந்தது. அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு நேராகக் குலுக்கைக்குப் போய், சுவரோரமாகக் குனிந்து, பின்னால் கையை விட்டுத் துழாவினாள். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடியும் துழாவினாள். ஒரு காய்கூட இல்லை.

"இன்னும் இருந்தா வைய்யி ஆத்தா" என்று அவர் வட்டிலை நீட்டினார்.

அவள் வைக்கவில்லை. குலுக்கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "எத்தன நாளு பட்டினி கெடந்திருப்பான் எம்புள்ள" என்று சொல்லி அழுதாள்.